ஒரு முழம் சுவர்

தானே,
12 ஆகஸ்ட் 2024

அன்பு பாண்டியம்மா,

நான் இங்கே வந்து நான்கு நாளாகிறது. ரயிலில் உட்கார்ந்தே வந்ததில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை புட்டியை மாடத்தில் வைத்துக் கும்பிடுகிறாயா?

லேயா அக்கா நான் நினைத்ததைவிட மெலிந்திருக்கிறாள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மகள் ரீனா வேலைக்குப் போகிறவள் என்பதால் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போகிறேன். நான்கு மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அக்கா தூங்குகிறாள், நான் பச்சைத் திரையின் மடிப்புகளை வரைகிறேன். நேற்று ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, என் படங்களைப் பார்த்தால் நீ வைத்துக்கொள்வாயே ஒரு முகம், அதே முகத்தோடு போனாள்.

வீடியோவில் பேசலாம் என்று உன் மகன் அசோக்குமார் சொல்கிறான். என் காது பக்கத்தில் இருப்பவர் பேச்சையே பாதிதான் எடுக்கிறது என்று அவனுக்குச் சொல். கடிதத்தில் நீ எவ்வளவு வேகமாகப் பேசினாலும் எனக்குப் புரியும். மராத்தி மட்டும் தெரிந்து வந்தவளுக்கு உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் போர்டு போர்டாகக் காட்டித் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தவள் நீ. அந்த எழுத்துக்கு இப்போது கொஞ்சம் வேலை கொடுப்போம்.

வாரம் ஒரு தடவை நாகமலை புதுக்கோட்டைக்குப் போய் வீட்டைத் திறந்து வை. ஜன்னல்களைத் திறந்தால் போதும். உன் அண்ணன் வைத்த மாதுளைக்கு இரண்டு குடம் தண்ணீர். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

அக்கா உன்னை விசாரிக்கிறாள். அசோக்குமாருக்கும் உன் மருமகள் சரண்யாவுக்கும் என் அன்பு.

உன் மதினி,
சிப்போரா

*

எழுமலை,
25 ஆகஸ்ட் 2024

பாசமுள்ள மதினிக்கு,

பாண்டியம்மாள் எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா, லேயா அக்கா வாய்க்கு ருசியாக ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று எழுதுங்கள். தைலம் தேய்த்தேன். நாற்றம் தாங்காமல் பூனை வீட்டைவிட்டுப் போய்விட்டது. வலி போகவில்லை.

செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். உசிலம்பட்டியில் இறங்கி அடுத்த பஸ். பஸ்ஸில் ஒருத்தி, "யாரு வீட்டுக்குப் போற பெரியம்மா?" என்றாள். "எங்கண்ணன் வீட்டுக்கு" என்றேன். அண்ணன் போய் வருகிற கார்த்திகைக்குப் பன்னிரண்டு வருஷம். இன்னும் வாயில் அப்படித்தான் வருகிறது.

மாதுளை நன்றாக இருக்கிறது. உங்கள் படம் வரையும் அறையை நான் திறக்கவில்லை. ஹாலில்தான் சுவரெல்லாம் பொருக்குத் தட்டியிருக்கிறது. வாசலில் நுழைந்ததும் நேர் எதிரே அந்த மூளிச் சதுரம் வேறு. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். இத்தனை நாள் உங்களிடம் சொன்னதில்லை, இப்போது எழுத்தில் என்பதால் சொல்கிறேன். நீங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்றைக்கு, "என்ன அண்ணே, வாசலுக்கு எதுக்க இந்த இடத்த மட்டும் பூசாம விட்டுட்டீக?" என்று கேட்டேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, "சிமெண்டு பத்தல ஆத்தா" என்றார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் தொழுவம் கட்ட வாங்கிய சிமெண்டு ஆறு மூட்டை கிடந்தது. அண்ணன் கேட்கவில்லை. நானும் இருக்கிறது என்று வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாசம் பூசிக்கொள்வார் என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருஷமாகிவிட்டது.

சரி, அதை விடுங்கள். தீபாவளிக்கு வந்துவிடுவீர்கள்தானே? உங்களுக்குப் பிடித்த சீயத்துக்குப் பாசிப்பயறு எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்,
பாண்டியம்மாள்

*

தானே,
12 செப்டம்பர் 2024

அன்பு பாண்டியம்மா,

உன் கடிதம் வந்து பல நாளாகிறது. இடையில் அக்காவுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியிலேயே எட்டு நாள். இப்போது வீட்டில் இருக்கிறாள். உன் வீட்டில் எல்லோரும் நலம் என்று வாசித்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தீபாவளிக்கு வர முடியாது. எப்போது வருவேன் என்று இப்போது கேட்காதே.

ரீனா வீட்டின் பின்னறையைக் காலி செய்து, அதில் ஒரு மேசையும் கேன்வாஸ் நிறுத்தும் தாங்கியும் போட்டு வைத்திருக்கிறாள். நான்காவது மாடி, வடக்குப் பார்த்த ஜன்னல். நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம், வரைகிறவர்கள் வரம் கேட்கும் வெளிச்சம். நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஜெப ஆலயம். நாற்பது வருஷம் கழித்துச் சனிக்கிழமையில் என் ஆட்களோடு உட்கார்ந்தேன். பாட்டு காதில் பாதிதான் விழுந்தது, மீதி வாய் அசைவிலேயே நினைவுக்கு வந்துவிட்டது. நேற்று ரீனா ஒரு சீட்டில் எழுதிக் காட்டினாள்: மௌஷி, இனி அங்கே தனியாக இருந்து என்ன செய்யப் போகிறாய்? சித்தியை இங்கே மௌஷி என்பார்கள்.

நான் அந்தச் சீட்டைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் அவள் கையை வரைந்தேன்.

உன் ஆறு மூட்டையைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும். இன்றைக்குக் கை ஓய்ந்திருக்கிறது.

சிப்போரா

*

எழுமலை,
29 செப்டம்பர் 2024

பாசமுள்ள மதினிக்கு,

பாண்டியம்மாளின் வணக்கம். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. லேயா அக்காவுக்காக நம் மாரியம்மனுக்கு ஒரு விளக்குப் போட்டேன். உங்கள் சாமி கோபித்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன்.

ரீனாவுக்கு நல்ல மனசு. நன்றாக இருக்கட்டும். ஆனால் மதினி, அங்கே உங்களுக்கு இருப்பது ஓர் அறை. இங்கே ஒரு வீடு இருக்கிறது. நான்காவது மாடியில் மாதுளை வளருமா? ஏதோ கேட்க வேண்டும் என்று தோன்றியது, கேட்டுவிட்டேன்.

நேற்றுப் புரட்டாசிச் சனிக்கிழமை. தளிகை போடும்போது உங்கள் நினைப்பு வந்து எனக்கு ஒரே சிரிப்பு. நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் சனிக்கிழமை அடுப்புப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருப்பீர்கள். "புது மருமக பெருமாளுக்கு எம்புட்டு விரதம் இருக்கா பாரு" என்று ஊரே மெச்சியது. அப்புறம் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி என்றார்கள். யூதர் என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள் என்று நான் தெரிந்துகொண்டதே உங்களை வைத்துத்தான். தெரிந்து என்ன, எனக்கு நீங்கள் மதினி.

ஒரு காரியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன என்று சொல்ல மாட்டேன். அசோக்குமார் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான். நீங்கள் வாசலில் கால் வைத்ததும் தெரியும். தனியாக என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறவர்களுக்கு அந்த வீடே பதில் சொல்லும். எனக்கும் நெஞ்சில் கிடந்த ஒரு பாரம் இறங்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பாண்டியம்மாள்

*

தானே,
20 அக்டோபர் 2024

அன்பு பாண்டியம்மா,

நலம். அக்கா நேற்றுக் கஞ்சி முழுவதும் குடித்தாள். இந்த மாதம் எங்களுக்குப் புது வருஷம் பிறந்தது. ஆப்பிளைத் தேனில் தொட்டு அவள் உதட்டில் தடவினேன். நீயும் குழந்தைகளும் சுகமாக இருக்க அவள் வேண்டிக்கொண்டாள்.

உன் ஆறு மூட்டைக்கு வருகிறேன். உன் அண்ணனுக்குச் சிமெண்டு பத்தாமல் போகவில்லை. எங்கள் ஆட்கள் புது வீடு கட்டினால் வாசலுக்கு எதிரே ஒரு முழத்துக்கு ஒரு முழம் சுவரைப் பூசாமல் விடுவது பழைய வழக்கம். எல்லோரும் செய்வதில்லை, என் அப்பா செய்தார். எருசலேமில் எங்கள் கோயில் இடிந்து கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷம். நம் வீடு எவ்வளவு நிறைவாக இருந்தாலும் ஒரு வீடு இடிந்தது என்பது நுழையும்போதே கண்ணில் பட வேண்டும் என்பார் அப்பா. நான் உன் அண்ணனிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். கொத்தனார், "யாரு முழத்துக்கு விடணும்?" என்றார். உன் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டு முன்கையைச் சுவரில் வைத்தார். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. கொத்தனார் பென்சிலால் கோடு போட்டார். அந்தச் சதுரம் அவருடைய கை.

சிமெண்டு பத்தவில்லை என்று அவர் சொன்னது எனக்காக. வருகிறவர்களுக்கெல்லாம் நான் என் சாமியை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்று. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். நீ மட்டும் அதைச் சுமந்திருக்கிறாய். முன்பே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அவர் போனதற்கு அடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு கார்த்திகையிலும் நான் அந்தச் சதுரத்தைத்தான் வரைகிறேன். மழை ஓய்ந்ததும் அதில் உப்புப் பூக்கும், கறை இடம் மாறும். மேலே ட்ரேசிங் பேப்பரை ஒட்டி, கறையின் ஓரங்களைப் பென்சிலால் எடுத்து, அதே அளவில் கேன்வாஸ் அடித்து வரைவேன். பதினொரு படம் ஆகிவிட்டது. "மேகமா மதினி, உழுத காடா?" என்று கேட்டாயே, அந்தச் சாம்பல் படங்கள்தான். பதினொன்றும் சென்னையில் ஒரு கேலரியில் இருக்கின்றன.

இந்த வருஷம் நீ எனக்காக எடுத்து அனுப்ப வேண்டும். இரும்புப் பீரோவில் மேல்தட்டில் பேப்பர் இருக்கிறது. மெதுவான பென்சில், அழுத்தாதே. நான்கு ஓரமும் சேர்த்து எடு. போனில் படம் பிடித்து அனுப்பாதே, அது ஓரங்களை வளைத்துவிடும், அளவு போய்விடும். நினைவிலிருந்து வரைந்தால் அது என் சாமர்த்தியமாகத்தான் இருக்கும், அவர் கை அதில் இருக்காது.

நவம்பர் 27 அவர் போன நாள். அன்றைக்கு இந்தப் பின்னறையில் விளக்கேற்றி வரைய உட்காரப் போகிறேன். படம் இங்கேயும் வருமானால் இங்கேயே இருந்துவிடலாமா என்று ஒரு யோசனை. உன்னிடம் மறைக்க விருப்பமில்லை, எழுதிவிட்டேன்.

என்ன காரியம் பார்க்கிறாய் நீ? பூனையாவது திரும்பி வந்ததா?

சிப்போரா

*

எழுமலை,
14 நவம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

சுகம். உங்கள் சுகம் அறிய ஆசை. பதில் தாமதமாகிவிட்டது. தீபாவளி, மழை, பஸ் சரியில்லை, எனக்கும் இரண்டு நாள் காய்ச்சல்.

நீங்கள் கேட்ட பேப்பரைச் சுருட்டி இதோடு அனுப்பியிருக்கிறேன். அழுத்தாமல்தான் எடுத்தேன். நான்கு ஓரமும் இருக்கிறது.

வீடு நன்றாக இருக்கிறது. பூனை வந்துவிட்டது.

லேயா அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பாண்டியம்மாள்

*

தானே,
25 நவம்பர் 2024

அன்பு பாண்டியம்மா,

பேப்பர் கசங்காமல் வந்து சேர்ந்தது. ஜன்னலில் ஒட்டிவைத்து நெடுநேரம் பார்த்தேன். அக்காவுக்கும் காட்டினேன். அவள் இப்போது படுக்கையைவிட்டு எழுவதில்லை.

நாளை மறுநாள் விளக்கேற்றி ஆரம்பிப்பேன். கேன்வாஸை நீ அனுப்பிய அளவுக்கே வெட்டிவிட்டேன்.

உன் கடிதம் இந்தத் தடவை மிகவும் சின்னதாக இருந்தது. பாண்டியம்மா, உனக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? எனக்கு எழுத ஏதாவது இருந்தால் எழுது. எதுவானாலும் எழுது.

சிப்போரா

*

தானே,
11 டிசம்பர் 2024

அன்பு பாண்டியம்மா,

லேயா அக்கா இந்த மாதம் இரண்டாம் தேதி காலையில் போய்விட்டாள். என் கை அவள் கையில் இருந்தது. வலியில்லாமல் போனாள்.

ஏழு நாள் தரையில் தாழ உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிகளைத் துணியால் மூடிவிடுவோம், வேலை எதுவும் செய்யக் கூடாது, தூரிகையும் தொடக் கூடாது. வந்தவர்கள் அவித்த முட்டை கொடுத்தார்கள், தின்றோம். நேற்று முன்தினம் எழுந்தோம். ரீனா தன் அம்மா கட்டிலை அப்படியே வைத்திருக்கிறாள். நான் இங்கேயே இருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நீயும் உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

சிப்போரா

*

எழுமலை,
18 டிசம்பர் 2024

என் மதினிக்கு,

லேயா அக்கா போனது கேட்டு வீட்டில் எல்லோரும் துக்கத்தில் இருக்கிறோம். கூடப் பிறந்தவர்கள் போவது என்னவென்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்து ஒரு வாய் காப்பி போட்டுக் கொடுக்க முடியவில்லையே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

நீங்கள் துக்கத்தில் இருக்கும்போது இதை எழுதக் கூடாது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. மதினி, அந்தச் சதுரம் இப்போது இல்லை. நான்தான் பூசிவிட்டேன்.

நீங்கள் அங்கேயே இருந்துவிடுவீர்களோ என்று பயந்துபோய், வீட்டைப் புதுசாக்கி வைத்தால் வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். நம்மூர் பெயிண்டர் வெள்ளைத்துரையைக் கூட்டிப் போய் ஹால் முழுக்கப் பட்டி பார்த்து, இளமஞ்சள் அடித்தோம். சதுரத்துக்கு மட்டும் ஒரு சட்டிக் கலவை. எங்கள் வீட்டில் வாங்கிய சிமெண்டு. நான் பக்கத்திலேயே நின்று, "நல்லா இழுத்துப் பூசுப்பா, தழும்பு தெரியக் கூடாது" என்றேன். அன்றைக்கு எங்கள் அண்ணன் வீட்டுக் குறையைத் தீர்த்துவிட்டேன் என்று நிம்மதியாகச் சோறு இறங்கியது.

அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி உங்கள் கடிதம் வந்தது. சதுரம் அவருடைய கை என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். உங்கள் அடுப்படி அரிவாள்மனையால் சுரண்டினேன். பெயிண்ட் வந்தது, பட்டி வந்தது, சிமெண்டு வரவில்லை. அம்மிக் குழவியை எடுத்து இடித்தேன். பேர்ந்து வரும்போது சுற்றியிருந்த பழைய பூச்சும் சேர்ந்து வந்து எங்கும் செங்கலாகத் தெரிந்தது. ஓரம் எங்கே இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணன் கை அளவு போச்சு மதினி. நானே போக்கடித்தேன்.

பேப்பரை எங்கே ஒட்டுவது? எழுமலைக்குத் திரும்பி வந்து, எங்கள் அடுப்படிக்குப் பின்னால் அண்ணனும் நானும் பிறந்த பழைய அறையின் சுவரில் என் கையால் ஒரு முழம் அளந்து ஒட்டினேன். அங்கே ஓதம் ஏறிய கறையைத்தான் உங்களுக்கு எடுத்து அனுப்பினேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால், திரும்பி வர உங்களுக்கு இங்கே ஒன்றும் மிச்சமில்லை என்றாகிவிடும். சொல்லாவிட்டால், நான் அனுப்பிய பொய்யை வரைந்துகொண்டு அங்கேயே இருந்துவிடுவீர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒரு மாசமாக நான் சரியாகத் தூங்கவில்லை.

வாங்க என்று கூப்பிட எனக்கு வாயில்லை. சாப்பிடாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பாண்டியம்மாள்

*

தானே,
27 டிசம்பர் 2024

அன்பு பாண்டியம்மா,

உன் கடிதத்தை மூன்று நாளாக வைத்திருந்து இப்போது பதில் எழுதுகிறேன். நான் நலம். முதலில் நீ தூங்கு.

உன் பேப்பரை ஜன்னலில் ஒட்டிய நிமிஷமே எனக்குத் தெரியும். நம் ஹால் சுவரில் தண்ணீர் மேலே டேங்க் பைப்பிலிருந்து இறங்குகிறது. நீ அனுப்பியதில் கறை கீழேயிருந்து ஏறியிருந்தது. அளவும் இரண்டு விரற்கடை குறைவு. நான் சிரித்துவிட்டேன். அக்கா என்ன என்று கையால் கேட்டாள். "என் நாத்தனார் சுவரை மாற்றி அனுப்பிவிட்டாள்" என்று சொன்னேன். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வந்து, போதும் போதும் என்று கையைக் காட்டுகிறவரை சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் போய்விட்டாள். கடைசிச் சிரிப்பு உன் பொய்யால் வந்தது, அதை நான் மறக்க மாட்டேன்.

சதுரத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊகித்தேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீயே பூசியிருப்பாய் என்று நினைக்கவில்லை. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ரீனாவின் நல்ல தட்டு ஒன்று உடைந்தது. இதை உன்னிடம் மறைத்தால் நாம் மறுபடியும் ஆளுக்கொரு பொய்யை வைத்துக்கொண்டு இருப்போம்.

பிறகு நீ எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அம்மிக் குழவியால் இடித்தாய், செங்கல் தெரிகிறது, ஓரம் தெரியவில்லை என்கிறாய். என் அப்பா வீட்டிலும் நம் வீட்டிலும் அது கொத்தனார் கோடு போட்டு அழகாக விட்ட சதுரம். இடிந்த வீட்டின் நினைவு என்று சொல்லிக்கொண்டோம், இடிந்தது போல அது ஒரு நாளும் இருந்ததில்லை. இப்போதுதான் இருக்கிறது. அதை யாரும் தொடக் கூடாது. நான் வந்து பார்க்க வேண்டும்.

உன் அண்ணன் கை அளவு போகவில்லை. சென்னையில் பதினொரு கேன்வாஸில் இருக்கிறது. பன்னிரண்டாவதை முடித்துவிட்டேன். எந்தச் சுவர் என்று தெரியாமலே வரைந்தேன். அவர் பிறந்த அறை என்று இப்போது தெரிகிறது. சின்ன வயதில் அந்தச் சுவரில் சாய்ந்து அவரும் நீயும் சோறு தின்றிருப்பீர்கள். மற்றதைவிட இரண்டு விரற்கடை சின்ன படம். அப்படியே இருக்கட்டும், அது உன் முழம்.

இந்த அறையில் எனக்கு வரைய வருகிறது. வடக்கு வெளிச்சமும் நல்ல வெளிச்சம்தான். ஆனால் பேப்பரைப் பார்த்த அன்றைக்கு, "இது நம் சுவர் இல்லை" என்று என்னையறியாமல் சொல்லியிருக்கிறேன், அதுவும் தமிழில். ரீனா என்ன அர்த்தம் என்று கேட்டாள். சொன்னேன். நேற்று அவளே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். கோடை விடுமுறைக்கு என்னைப் பார்க்க அங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை மதுரை வந்து சேருவேன். இளமஞ்சள் எனக்குப் பிடிக்காது. அது உனக்கும் தெரியும். வந்து பேசிக்கொள்கிறேன்.

உன் மதினி,
சிப்போரா

*

எழுமலை,
4 ஜனவரி 2025

என் மதினிக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றே படித்தேன். சரண்யா பயந்துபோய், "என்னாச்சு அத்தே, ஏன் அழுகுறீக?" என்றாள். "மதினி வாராக" என்றேன். நாங்கள் எல்லோரும் சுகம். நேற்று நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அசோக்குமாரும் வேனோடு ஸ்டேஷனில் நிற்போம். தீபாவளிக்கு எடுத்து வைத்த பாசிப்பயறு அப்படியே இருக்கிறது. பொங்கலுக்குச் சீயம் சுடுவேன். ரீனாவுக்கு ஒரு புதுத் தட்டு வாங்கி வைத்திருக்கிறேன், கோடைக்கு அவள் வரும்போது கொடுங்கள். மஞ்சளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் வந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று வீட்டைப் பெருக்கித் துடைக்கப் போயிருந்தேன். வெள்ளைத்துரை அங்கே விட்டுப்போன ஏணியை எடுக்க வந்தான். ஹாலில் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன சின்னம்மா இது? இம்புட்டு நைசாப் பூசி விட்டுட்டுப் போனேன், இப்பிடி மூளியாக்கி வச்சிருக்கீக. கூலி ஒண்ணும் வேணாம், ஒரு சட்டி கலவ போட்டா முடிஞ்சுபோகும். பூசி விட்டுப் போறேன்."

எருசலேமிலிருந்து ஆரம்பிப்பதா, அண்ணன் சட்டைக் கையை மடித்ததிலிருந்து ஆரம்பிப்பதா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம், "வேணாம்ப்பா, சிமெண்டு பத்தல" என்றேன்.

அவனுக்குப் பக்கத்திலேயே அன்றைக்கு மிஞ்சிய அரை மூட்டை சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பத்திரமாக வாங்க.

உங்கள் நாத்தனார்,
பாண்டியம்மாள்